கழிக்கிற புள்ளியைத் தேதி சொல்லிக் கழியுங்கள்: சாம்பியன்ஷிப் நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு வணக்கம்.

தமிழில் எழுதினால் நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு மட்டும் என்ன பெரிய பதில் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் எனக்கு வசதியான மொழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான உங்கள் சாம்பியன்ஷிப்பில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்புக்கு நடந்த விவகாரம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 24 அன்று கிளப் கடன் தாங்காமல் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு, அதாவது வெளி நிர்வாகிகள் கைக்குப் போனது, 12 புள்ளி போயிற்று. டிசம்பர் 1 அன்று இன்னொரு 6. அன்றைக்கு மதியம் எங்கள் வேலையிடத்து டீ அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளின் முன்னால் நான் பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த ஆளுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள்.

வருஷா வருஷம் ஆகஸ்டில், முதல் ஆட்டம் தொடங்குவதற்குள், நாங்கள் ஒன்பது பேர் ஆளுக்கு ஐந்து பவுண்டு போட்டு ஒரு கணிப்புப் போட்டி வைத்துக்கொள்கிறோம். மேல் அடுக்கான பிரீமியர் லீகுக்கு ஏறப்போகிற மூன்று அணி யார், கீழ் அடுக்கான லீக் ஒன்னுக்கு இறங்கப்போகிற மூன்று அணி யார், அவ்வளவுதான். நான்தான் கணக்குப்பிள்ளை. 24 அணி, ஆளுக்கு 46 ஆட்டம், முதல் இரண்டு இடம் நேராக மேலே, அடுத்து வரும் சில அணிகள் மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்காக பிளே-ஆஃபில் மோதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆறு பெயரையும் சரியாக எழுதிய ஆள் எங்கள் டீ அறையில் இதுவரை பிறக்கவில்லை.

இதே போட்டியைப் பிரீமியர் லீகுக்கு வைத்தால் பாதி விடை ஊருக்கே தெரியும். 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் புதிதாக மேலே போன மூன்று அணிகளும் வந்த வழியே திரும்பின. அதே இரண்டு சீசனில் லீக் ஒன்னிலிருந்து உங்களிடம் ஏறி வந்த ஆறு அணியில் ஒன்றுகூட வந்த முதல் சீசனிலேயே இறங்கவில்லை. அதில் இப்ஸ்விச் 96 புள்ளி எடுத்து, நின்றுகூடப் பார்க்காமல் பிரீமியர் லீகுக்கே போய்விட்டது. புதிதாக வந்தவன் இறங்குவான் என்று எழுதிய எங்கள் ஒன்பது பேரின் காசும் கரைந்த இடம் அது.

2024 ஆகஸ்டில் நான் லூட்டனை ஏறும் பட்டியலில் எழுதினேன். அப்போதுதான் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியிருந்தார்கள், கையில் இறங்கிய அணிக்குப் பிரீமியர் லீக் தரும் பாராசூட் பணம், பாதிக்கு மேல் பழைய ஆட்கள். மே மாதம் 49 புள்ளியோடு 22ஆவது இடம், லீக் ஒன். சண்டர்லேண்டோ அதற்கு முந்தைய சீசனில் 16ஆவது, என் தாளில் அந்தப் பெயரே கிடையாது. லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு 100 புள்ளி எடுத்த சீசனில் 76 எடுத்து நாலாவதாக வந்து, வெம்ப்ளியில் பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தின் 95ஆவது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலில் மேலே போனார்கள். என் ஐந்து பவுண்டு போச்சு. வருத்தமே இல்லை. பர்மிங்காம் 2023 அக்டோபரில் ஆறாவது இடத்தில் இருந்தபோது மேனேஜரை அனுப்பிவிட்டு வெய்ன் ரூனியைக் கொண்டுவந்து, 15 ஆட்டத்தில் இரண்டு வெற்றி பார்த்து, கடைசியில் 50 புள்ளியோடு இறங்கியதே, அதையும் யாராலும் கணித்திருக்க முடியாது. ஆனால் அது அவர்களாகப் போட்டுக்கொண்ட பள்ளம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டார்கள். காலால் உதைத்த பந்தில் தோற்றால் சிரித்துக்கொண்டே காசு கொடுக்கலாம். ஃபைலில் தோற்றால் யாரிடம் போய்ச் சிரிப்பது?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். செலவு விதியை மீறிய கிளப்புக்குப் புள்ளி கழிக்கிற வழக்குகளை ஒரு தேதிக்குள் முடியுங்கள். எந்த வருஷக் கணக்கில் தப்பு, எந்த சீசனில் கழிவு, எந்த நாளுக்குள் தீர்ப்பு என்று ஆகஸ்டில் முதல் பந்து உருளும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். கிளப்புகளை மன்னித்துவிடச் சொல்லவில்லை. கழியுங்கள், நன்றாகவே கழியுங்கள். தேதி சொல்லிவிட்டுக் கழியுங்கள்.

ஏன் இந்தத் தேதி எனக்கு உயிர் போகிற விஷயம் என்றால், 2023இல் நான் ரெடிங்கில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ரெடிங் கிளப்பின் பழைய எல்ம் பார்க் மைதானக் காலத்திலிருந்தே சீசன் டிக்கெட்காரர். என்னைப் போலப் பந்தயம் எல்லாம் கட்டமாட்டார். சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டு, கீழே கிடக்கும் ஏழெட்டு அணிகளின் மிச்ச ஆட்டங்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 3, 1, 0 என்று தன் கணிப்பைப் போட்டுக் கூட்டிக்கொண்டே இருப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தால் "ஐம்பது" என்பார். நல்லா இருக்கீங்களா என்பதற்குப் பதில் அது. ஐம்பது எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் பல வருஷம் பார்த்துவைத்த கணக்கு.

ஏப்ரல் 4. கையில் எண்ணிவிடக்கூடிய ஆட்டங்களே மிச்சமிருந்த நேரம். ரெடிங்குக்கு 6 புள்ளி கழிக்கப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் காலண்டரைக் கவிழ்த்து வைத்து ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். ஒரே கட்டத்தை அவ்வளவு நாளாக அழித்து அழித்து எழுதியதில் தாள் அந்த இடத்தில் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது, அன்றைக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. பின்னாலிருந்து இன்னொரு தாளை ஒட்டி அதன்மேல் புது எண்ணை எழுதினார். கிளப்பைத்தான் திட்டினார், உங்களைத் திட்டவில்லை. ஒப்புக்கொண்ட செலவுத் திட்டத்தை மீறியவர்கள் அவர்கள், நிறுத்திவைத்திருந்த தண்டனைதான் அமலுக்கு வந்தது, அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

சீசன் முடிந்தபோது ரெடிங் ஆட்டக்காரர்கள் புல்வெளியில் சம்பாதித்தது சரியாக 50 புள்ளி. 13 வெற்றி, 11 டிரா. அட்டவணையில் நின்றது 44. ஒரு படி மேலே தப்பித்த கார்டிஃப் 49. பெரியவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "என் கணக்கில் தப்பு இல்லையே?" இல்லை என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல? அடுத்த சீசனில் அந்தக் காலண்டரின் பின்பக்கம் வெறுமையாகவே இருந்தது.

அந்த ஆறு புள்ளியை முந்தைய ஆகஸ்டிலேயே கழித்திருந்தால் அவர் "ஐம்பத்தாறு" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். ஆட்டக்காரர்களும் ஐம்பத்தாறுக்கு ஆடியிருப்பார்கள். இறங்கியிருந்தாலும் எதற்காக ஆடினோம் என்றாவது தெரிந்திருக்கும்.

இது ஏதோ ஒரு தடவை தவறிப்போய் நடந்தது என்றால் நானும் விட்டுவிடுவேன். 2020இல் கடைசி ஆட்டங்கள் முடிந்தது ஜூலை 22. சார்ல்டன் 48 புள்ளியோடு இறங்கியது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 31 அன்று, 56 எடுத்திருந்த ஷெஃபீல்டு வென்ஸ்டேவுக்கு 12 புள்ளி கழிவு என்று தீர்ப்பு வந்தது, அதுவும் அடுத்த சீசனில் கழியும் என்று. அந்த சீசனிலேயே கழித்திருந்தால் வென்ஸ்டே 44, சார்ல்டன் தப்பியிருக்கும். அப்பீலில் அது 6 ஆகக் குறைந்தது, 6 என்றால் சார்ல்டன் எப்படியும் கீழேதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 6 அடுத்த சீசனில் என்ன செய்தது என்றால், புல்வெளியில் 47 எடுத்த வென்ஸ்டேவை 41க்கு இறக்கிக் கடைசி இடத்துக்கு அனுப்பியது. தகராறு எந்தக் கணக்கில்? 2017-18 கணக்கில். அந்தக் கணக்கை எழுதியபோது இருந்த ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் 2021 மே மாதம் டெர்பி கிளப்பின் மைதானத்தில் 3-3 ஆடி அழுதவர்கள்?

அந்த டெர்பி கதை இன்னும் மேல். 44 புள்ளியோடு அவர்கள் தப்பிக்க, வரலாற்றிலேயே முதல் முறையாக சாம்பியன்ஷிப்புக்கு வந்திருந்த வைகம்ப் 43 புள்ளியோடு இறங்கியது. டெர்பியின் கணக்கு வழக்கு அப்போதும் நடந்துகொண்டே இருந்தது. ஜூனில் அடுத்த சீசன் ஆட்ட அட்டவணை வந்தபோது நீங்கள் டெர்பிக்கும் வைகம்புக்கும் இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தீர்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைக் காலியாக விட்டு அடித்த மாதிரி. கடைசியில் ஒரு லட்சம் பவுண்டு அபராதத்தோடு டெர்பி சாம்பியன்ஷிப்பிலேயே இருந்தது, நவம்பரில் பழைய கணக்குக்காக 9 புள்ளி கழிந்தது. அந்த 9 ஆறு மாதம் முன்னால் கழிந்திருந்தால் வைகம்ப் இறங்கியிருக்காது. அந்த ஊர்க்காரர்களிடம் இதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

தீர்ப்புச் சொல்வது தனிக் குழு, நாங்கள் இல்லை என்பீர்கள். கிளப்புகள் வக்கீல் வைத்து இழுத்தடிக்கின்றன என்பீர்கள். இரண்டும் உண்மை. ஆனால் தேதி வைப்பது உங்களுக்குத் தெரியாத வித்தையா? அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போகும் கிளப்புக்கு மார்ச் மாதத்து நான்காவது வியாழக்கிழமை என்று கெடு வைத்திருக்கிறீர்களே. அதற்கு முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன என்று சட்டத்தில் வரிவரியாக இருக்கிறதே. 2020இல் விகன் அப்படித்தான் 12 புள்ளி இழந்து, 59 எடுத்தும் 47 ஆகி இறங்கியது. ஹல்லை 8-0 என்று அடித்த அணி அது. கொடுமைதான், ஆனாலும் என்ன நடக்கும் என்று சட்டத்தில் முன்பே எழுதியிருந்தது, யாரும் ராத்திரியில் வந்து மாற்றவில்லை. அந்த வியாழக்கிழமையை மற்ற வழக்குகளுக்கும் கொஞ்சம் நீட்டிப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சில சமயம் எனக்குச் சந்தேகம் வருகிறது. லீகின் பெயருக்கு முன்னால் ஒரு பந்தயக் கம்பெனியின் பெயரை ஒட்டிவைத்து, ஊரையே கணிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். எந்த அணியின் தலைக்குமேல் எந்த ஃபைல் தொங்குகிறது, அது எந்த மாதம் விழும் என்று மட்டும் சொல்லமாட்டீர்கள். போதாததற்கு இறங்கிவருகிறவனுக்குப் பிரீமியர் லீக் பாராசூட் கட்டி அனுப்புகிறது: முதல் வருஷம் அங்கே ஒரு அணிக்கு வரும் ஒளிபரப்புப் பங்கில் 55 சதவீதம், அப்புறம் 45, அப்புறம் 20. அவனோடு போட்டிபோட வேண்டிய மற்றவர்கள் சட்டைப்பையைத் தாண்டிச் செலவு செய்து மாட்டிக்கொள்கிறார்கள், நீங்கள் புள்ளியைக் கழிக்கிறீர்கள். பாராசூட்டோடு குதிக்கிறவனையும் குடையோடு குதிக்கிறவனையும் ஒரே மைதானத்தில் விட்டுவிட்டு, குடைக்காரன் கால் ஒடிந்தால் அபராதம். சரி, இது வேறு சண்டை. இன்றைக்கு வேண்டாம். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

வென்ஸ்டேவுக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் நாங்கள் ஒன்பது பேருமே அவர்களைக் கீழே எழுதினோம். சம்பளம் நேரத்துக்கு வரவில்லை, மேனேஜர் போய்விட்டார், ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், அவர்கள் மைதானமான ஹில்ஸ்பரோவில் ஒரு ஸ்டாண்டையே மூடிவைத்தார்கள். என் ஆயுளில் நான் எழுதியதிலேயே உறுதியான கணிப்பு இதுதான். டிசம்பர் 1 அன்று அணி பூஜ்யத்துக்கும் கீழே எங்கேயோ நின்றபோது, அந்தப் பெயருக்கு எதிரில் டிக் போட்டுவிடலாமா என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டவர்தான், பாதியில் அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் டிக் போடவில்லை. முதலாளி கட்டாத பணத்துக்கு மூன்று பாயின்ட் மூன்று பாயின்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் ஆட்டக்காரர்களும் டிக்கெட் வாங்கியவர்களும், இதில் டிக் போட எனக்குக் கை வரவில்லை.

ஆகவே, மரியாதையோடு மறுபடியும் கேட்கிறேன். புள்ளி கழிப்புக்கு ஒரு தேதி. அடுத்த ஆகஸ்டுக்குள் அறிவித்துவிட்டால் போதும். தாளில் இந்த முறை ஏறுவது, இறங்குவது என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் 'கழிவு' என்று மூன்றாவதாக ஒன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதன் தலையில் தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால்தான் எழுதுவேன்.

இப்படிக்கு,
டீ அறைக் கணக்குப்பிள்ளை