முதல் நாள் மெதுவாக நட, தம்பி

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பியதைக் காலையில்தான் பார்த்தேன். "முடியலண்ணா, பட்டறையை மூடிட்டு பெங்களூருக்கே போயிடலாம்னு இருக்கேன்." போனில் பேசினால் நீ சரிண்ணா சரிண்ணா என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நம் சேலத்தில் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் அப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையைத் திடீரென்று தலையில் ஏற்றிக்கொண்ட பையன்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன்.

சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நீ வந்து உட்கார்ந்து நாலு மாதம் ஆகிறது. காலையில் ஆறு மணிக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மேல்தான் மூடுகிறாய் என்று சித்தி சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது, நான் முதல் தடவை பழனிக்கு நடந்த வருஷம்.

நம் ஊரிலிருந்து சங்ககிரி, பள்ளிபாளையம், ஈரோடு, அரச்சலூர், காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனி. 170 கிலோமீட்டருக்குக் குறையாது. தைப்பூசத்துக்கு முன்னால் விடியற்காலை மூன்று மணிக்குக் கொண்டலாம்பட்டி தாண்டும்போது நல்ல பனி, காலில் புதுச் செருப்பு, உடம்பில் அத்தனை தெம்பு. குழு மகுடஞ்சாவடியில் தங்கலாம் என்றது. நானும் இன்னும் இரண்டு பேரும் கேட்கவில்லை, அன்றைக்கே சங்ககிரிக்குப் போய்விட்டோம். மலைக்கோட்டையைப் பார்த்தபோது பாதிப் பழனியே வந்துவிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தின் மேல் நிற்கும்போது வலது பாதத்தை மடக்க முடியவில்லை. குதிகாலில் எட்டணா அளவுக்குக் கொப்புளம், அதன் மேலேயே நடந்து நடந்து அது உடைந்து, செருப்பு வார் ஈரமாகிவிட்டது. காங்கேயத்தில் என்னைச் சாமான் வண்டியில் ஏற்றினார்கள். அங்கிருந்து பழனி வரைக்கும் அடுப்பு, அரிசி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நம் ஆட்கள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே போனேன். குருசாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

அடுத்த வருஷம் அம்மாப்பேட்டை நெசவாளி ஒருவரோடு நடந்தேன். வயது 64. மணிக்கு ஒரு தடவை எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவார். செருப்பைக் கழற்றி உதறுவார், துண்டால் விரல் இடுக்கைத் துடைப்பார், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். வலி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை, மணி ஆனால் உட்கார வேண்டும். ஒரு தடவை என் செருப்புக்குள் மிளகளவு கல் ஒன்று போய்விட்டது. அடுத்த ஊர் வரட்டும் என்று நடந்தேன். எப்படித்தான் தெரிந்ததோ, நிறுத்திவிட்டார். "தறியில இழை அறுந்தா அப்பவே முடிச்சுப் போடணும் தம்பி. ஒரு முழம் தாண்டிட்டா அப்புறம் சேலையே போச்சு" என்றார்.

அவரிடம்தான் இன்னொன்றும் கற்றேன். தார் ரோடு மத்தியானம் கொதிக்கும்போது வெறுங்காலோடு வருகிறவர்கள் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பார்கள். அந்த நாலு விரல்கடை அகலத்தில் சூடு குறைவு. நானும் செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தேன், நிஜம்தான்.

சங்ககிரியில் 1805இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் ஓடாநிலை, அரச்சலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை முதல் வருஷம் நொண்டிக்கொண்டு கடந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷம்தான் காங்கேயம் தாண்டி கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களையும் அதற்குள் மேயும் மாடுகளையும் பார்த்தேன், காற்றைக் கேட்டேன். எடப்பாடிக்காரர்கள் பூசம் முடிந்து காவடியோடு போய் பழனி மலையிலேயே ஒரு ராத்திரி தங்குகிறார்களே, தலைமுறை தலைமுறையாக நடக்கிறவர்கள், அவர்களில் யாரும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

சரி, உன் பட்டறைக்கு வருகிறேன். போன மாதம் மூன்று கிலோ கொலுசு திரும்பி வந்ததே, கண்ணி கண்ணியாகப் பற்றவைப்பு விட்டுப்போய். பற்றவைக்கிற பொடி சரியில்லை என்று முதல் நாளே பட்டது என்று நீயே சொன்னாய். ஆனாலும் வியாபாரிக்குத் தேதி சொல்லிவிட்டோம் என்று மேலே ஓட்டிவிட்டாய். கூலி போனது, சேதாரக் கணக்கில் கைக்காசும் போனது, பாவம் பற்றவைக்கிற அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது உன் திறமைக் குறைவு இல்லை தம்பி. செருப்புக்குள் கல் இருக்கும்போது நீ உட்காரவில்லை, அவ்வளவுதான். ஒரு கண்ணி விட்டது தெரிந்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு அன்றைக்கே வியாபாரியிடம் போய் இரண்டு நாள் கேள். கொடுக்காதவர் அடுத்த மாதம் வெள்ளிக் கட்டி கொடுக்காமல் போனாலும் போகட்டும். நல்ல கொலுசுக்கு இந்த ஊரில் ஆள் வராமல் இருக்க மாட்டார்கள்.

அப்புறம், அமாவாசை லீவை நீ நிறுத்திவிட்டாயாம். தயவுசெய்து மறுபடியும் விடு. சித்தப்பா முப்பது வருஷம் விட்டார், அவருக்கு வேலை தெரியாமலா? ராத்திரி எட்டு மணிக்கு மேல் அடுப்பு எரிய வேண்டாம். கண் அசந்த கையால் வைக்கிற பற்றுதான் மறுநாள் விடுகிறது. பெங்களூர் எங்கேயும் போய்விடாது, வேண்டுமானால் அடுத்த ஆடியில் முடிவு செய். காலில் கொப்புளத்தோடு பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு முடிவு செய்யாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு ஏற்காடு அடிவாரத்துக்கு வந்துவிடு. 20 கொண்டை ஊசி வளைவும் வேண்டாம், நாலு வளைவு ஏறி இறங்கினால் போதும். இறங்கும்போதுதான் கட்டைவிரல் நகம் முட்டும், நகத்தை வெட்டிக்கொண்டு வா. புதுச் செருப்பு வாங்காதே, பட்டறைக்குப் போட்டுப் போகிறாயே, அதுவே போதும். தைக்கு உன் பெயரையும் குருசாமியிடம் கொடுத்துவிட்டேன். முதல் நாள் மகுடஞ்சாவடியில்தான் தங்கல்.

அன்புடன்,
அண்ணன்