பாப்பாவுக்கு, வலென்சியாவிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்படும்படி இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அல்ஜெமெசி வரை போய்வந்தேன். நீ வாசிப்பாயே, அந்த ஆர்கன் இசையமைப்பாளர், உன் கபனீயெஸ் பிறந்த ஊர். வேறு வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான்.

1644-இல் அங்கே பிறந்தவர், இருபது வயதில் இங்கே கதீட்ரலில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்துவிட்டார். அது 1665. மூன்று வருடம் கழித்துக் குருப்பட்டமும் வாங்கினார். 1712-இல் சாகும்வரை அதே வேலை, அதே கோயில். நீ மூன்று வருடத்தில் நான்கு ஊர் மாறிவிட்டாய். குற்றமாகச் சொல்லவில்லை. கடைசி வருடங்களில் அவருக்கு முடியாமல் போய், பதிலுக்கு மற்றவர்கள் வாசித்தார்களாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அவர் பெயரில் வரும் 'பத்தாலியா இம்பீரியல்' என்ற ஆர்கன் உருப்படி அவருடையதே இல்லை, கெர்ல் என்ற ஜெர்மன்காரருடையது என்று பதினான்கு வயதில் பெரியவர்கள் நடுவில் எழுந்து சொன்னாயே, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கால ஸ்பானிய ஆர்கனில் கீபோர்டு நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும், இடது கைக்கு ஒரு குரல், வலது கைக்கு வேறு குரல், ஒரே ஆள் இரண்டு பேராகப் பேசலாம் என்றும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். இப்போது ஒரு குரலையும் காணோம். அவருடைய அந்த 'ஃபால்சாஸ்' தியெந்தோ என்ற ஆர்கன் உருப்படியை, உறுத்துகிற ஸ்வரங்களை விடாமல் இழுத்து இழுத்து, ராத்திரி பதினொரு மணிக்கு வாசிப்பாய். கீழ்வீட்டுக்காரர் கம்பால் தட்டுவார். அவர் இப்போது உன்னை விசாரிக்கிறார்.

வாசிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள்.

கபனீயெஸ் கையால் எழுதிய தாள் ஒன்றுகூட இன்று இல்லையாம். நூற்றுக்கணக்கில் எழுதியவர். இருப்பதெல்லாம் பிறர் எடுத்த படிகள், அதில் நிறைய பார்சிலோனா நூலகத்தில். இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

வீடு மாறும்போது உன் நோட்டுப் பெட்டியை லாரிக்காரன் தொலைத்துவிட்டான் என்று சொன்னேன் இல்லையா? அவன் தொலைக்கவில்லை. நான்தான் பழைய பேப்பரோடு தெருமுனை நீலத் தொட்டியில் போட்டேன். அந்த மாதம் நீ கணக்கில் தோற்றிருந்தாய். உள்ளே நீயே எழுதிய மெட்டுகள் இருந்தன. தெரிந்துதான் போட்டேன். நீ மூன்று நாள் தேடினாய், நானும் கூடவே தேடினேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. திட்டுவதாக இருந்தால் என் நம்பருக்குக் கூப்பிடு, ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா