செக்கு எண்ணெயும் கறுத்த சட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூரில் செக்கு எண்ணெய்க் கடைகள் பெருகி வருவது நல்லதே. ஆனால், மணிலா (நிலக்கடலை) எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று தனிச்சிறப்புப் போல ஒட்டுவது வேடிக்கை, ஏனெனில் எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது என்றே சொல்லலாம். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஒரு கிராம் எண்ணெய் 9 கிலோ கலோரி தருவதால், செக்கு எண்ணெய்தானே என்று கூடுதலாக நான்கு வடை சுடுவதற்கு (எங்கள் வீட்டிலும் இந்த வாதம் உண்டு) நியாயமில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, மாலை நேர பஜ்ஜிக் கடைச் சட்டிகளில் கறுத்து நுரைத்து, மறுநாளும் அடுப்பேறும் எண்ணெய். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து உருவாகும் பொருட்களின் அளவான 'மொத்த துருவச் சேர்மங்கள்' 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 முதல் நடைமுறையில் இருப்பதால், உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் அளவீட்டுக் கருவியுடன் மாலை வேளைகளில் சோதனைக்கு வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.