முதலில் ஒலியைக் காப்பாற்றுங்கள், பேரம் பிறகு: ஒரு திறந்த மடல்

1930கள், 40களில் ஓங்கியிருந்த ஸ்விங் வகை ஜாஸ் இசையின் வானொலி ஒலித்தட்டுகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், வானொலி நிலையங்களுக்கும், அவற்றை வெளியிட விரும்பும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பில் சேவரி 1930களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் இருந்த ஒலிப்பதிவுப் பொறியாளர். வானொலியில் நேரலையாக வந்த ஜாஸ் கச்சேரிகளைத் தட்டுகளில் பள்ளமாக வெட்டிப் பதிந்து வைத்தார். 2004இல் இறந்தார். ஆயிரத்துக்குச் சற்றே குறைவான அந்தத் தட்டுகள் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது 2010இல்தான். அதற்குள் ஒரு பகுதி கெட்டே போயிருந்தது.

தப்பியவற்றில் பியானோக்காரரும் குழுத் தலைவருமான கவுன்ட் பேசியின் 1938ஆம் ஆண்டுக் கச்சேரிகள் உண்டு. அவர் இசையை அப்போது வெளியிட்ட டெக்கா நிறுவனத்தின் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். கச்சேரி மேடையில் அந்தக் கெடுபிடி இல்லை. அவர் குழுவின் லெஸ்டர் யங்கும் ஹெர்ஷல் எவன்ஸும் டெனர் சாக்ஸபோனில் நீட்டி வாசிக்கலாம். எவன்ஸ் 1939 பிப்ரவரியில் காலமானார். அவர் வாசித்த தட்டு ஒன்று உரிந்து போனால், அதற்கு ஈடு எங்கும் கிடையாது.

உரிந்து போவது எப்படி? இவை கடையில் விற்ற ஷெல்லாக் தட்டுகள் அல்ல. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்ற மென்மையான பூச்சு பூசியவை. போர்க்காலத்தில் தகட்டுக்குப் பதில் கண்ணாடி. பூச்சு இளகி இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். நாளாக ஆக எண்ணெய் சிதைந்து, கொழுப்பமிலமாக வெள்ளைப் பொடி போல மேலே பூக்கும். எண்ணெய் போன பூச்சு சுருங்கும், அடித்தகடு சுருங்காது. அங்கேதான் விரிசல் விட்டுப் பூச்சு எழும்பும். ஆகவே வெள்ளையாகப் பூத்திருக்கும் தட்டைப் பூஞ்சணம் என்று ஒதுக்காதீர்கள். அதைத்தான் வரிசையில் முன்னால் வையுங்கள்.

பழைய கிராமபோனில் போட்டுக் கேட்டுப் பார்க்கவே வேண்டாம். அதன் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும்; எஃகு ஊசி ஒரே ஓட்டத்தில் மேல்சுரங்களைச் சுரண்டி எடுத்துவிடும். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் பூச்சைக் கரைக்கும். விரிசல் இல்லாத தட்டை, ஒரு லிட்டர் வடிநீரில் 5 மில்லிக்கு மிகாமல் அயனியற்ற சோப்புக் கரைசல் விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே மென்தூரிகையால் கழுவி, வெறும் வடிநீரில் அலசலாம். லேபிள் நனையக் கூடாது. விரிசல் விட்டதை நனைக்கவே கூடாது. நீர் அடியில் புகுந்தால் பூச்சு செதில் செதிலாக வந்துவிடும். தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள்.

டிஜிட்டலாக மாற்றும்போது, பின்னாளில் வந்த நுண்பள்ள எல்பி தட்டுகளுக்கான ஊசி உதவாது. அது பள்ளத்தின் அடியில் உள்ள குப்பையில் ஓடும். 60 முதல் 90 மைக்ரான் வரை மூன்று நான்கு ஊசிகள் கைவசம் இருக்கட்டும். ஸ்டீரியோ கார்ட்ரிஜ் (ஊசியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் முனை) போட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களையும் தனித்தனியாக எடுங்கள்; ஒரு சுவர் தேய்ந்திருந்தால் மற்றது கைகொடுக்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதியுங்கள், பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் எதுவும் இல்லாமல். இன்றைய கருவிகளில் இருக்கும் ஆர்ஐஏஏ வளைவு என்ற ஈக்வலைசர் தரம் 1954இல் வந்தது. அதை இந்தத் தட்டுகளுக்குப் போட்டால் பாஸ் வீங்கும். 16 அங்குலத் தட்டு சிலவேளை உள்ளிருந்து வெளியே ஓடும். ஊசியை வைக்குமுன் பாருங்கள்.

வேகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். லேபிளில் நிமிடத்துக்கு 78 சுற்று என்றிருந்தாலும் வெட்டிய இயந்திரம் 74இல் ஓடியிருக்கலாம். அதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். பியானோ இருக்கும் குழுவில் இதைப் பிடிப்பது எளிது. பேசியின் அடையாளப் பாட்டான 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' பியானோவில் எஃப் சுருதியில் தொடங்கி, குழு சேரும்போது டி ஃப்ளாட் சுருதிக்குப் போகும். உங்கள் காதில் எஃப் ஷார்ப்பும் டியும் விழுந்தால் தவறு வேகத்தில். தட்டில் பதிந்த மின் இரைச்சலும் துணைக்கு வரும்: அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், 63க்கு மேல் காட்டினால் அதே கோளாறு. ஊசியைத் தூக்கியபின்னும் இரைச்சல் கேட்டால் அது உங்கள் கருவியுடையது, கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெளியீட்டு நிறுவனங்களே, இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப்பிரதியின் மேல் ஓட்டாதீர்கள். பேசி குழுவின் டிரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸின் ஹை-ஹேட் (காலால் இயக்கும் இரட்டைத் தாளத் தகடு) ஒலியையும் தட்டின் சீறலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கவுன்ட் பேசி பியானோவில் இடைவெளி விட்டுத் தொடும் இரண்டு மூன்று சுரங்களின் கார்வையையும் சேர்த்து விழுங்கும். அறிவிப்பாளர் குரலையும் வெட்டாதீர்கள். உறையில் தேதி இல்லாதபோது, இடத்தையும் நிலையத்தையும் சொல்வது அந்தக் குரல்தான். அதை வைத்து அன்றைய நாளிதழின் வானொலி நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிடலாம்.

உரிமைச் சிக்கல் உண்மைதான். 2018ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிந்து வெளியாகாத ஒலிப்பதிவுக்கு 2067 பிப்ரவரி 15 வரை உரிமைக் காப்பு உண்டு. லேக்கர் அதுவரை காத்திருக்காது. பாதுகாப்புக்காகப் பிரதி எடுக்க நூலகங்களுக்கும் ஆவணக்காப்பகங்களுக்கும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தட்டை விற்பதா கொடுப்பதா என்று முடிவாகும் முன்பே அப்படி ஓர் இடத்தை அணுகி, திருத்தப்படாத பிரதி ஒன்று அங்கேயே இருக்கும்படி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தட்டின் இரு பக்கங்கள், லேபிள், உறையில் பென்சிலால் கிறுக்கியது எல்லாவற்றின் படங்களும் அதோடு போகட்டும்.