நீ அனுப்பிய பாம்

உப்புவெளி, திருகோணமலை
மார்கழி 14

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. போனில் நாலு வரி தட்டியிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும். ஆனாலும் உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்து எத்தனை வருஷம்! முழங்கால் நோ எப்படி இருக்கிறது? இங்கே ஒரு கிழமையாக விடாத மழை. பஸ் நிலையப் பக்கம் மான்கள் எல்லாம் கடைத் தாழ்வாரங்களில் ஒதுங்கி, சனத்தோடு சனமாக நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வழியில்லாமல் மேசை லாச்சியை ஒதுக்கினேன். அடியில் என்ன கிடந்தது தெரியுமா? 2002இல் நீ ஆள் கையில் கொடுத்து அனுப்பிய அந்தக் கையடக்கக் கொம்பியூட்டர். பாம் த்ரீ (Palm III) என்று பெயர். அதோடு வந்த கடிதத்தில் ‘உனக்கு ஒரு பாம் அனுப்புகிறேன், கவனமாக எடு’ என்று எழுதியிருந்தாய். அந்தக் காலத்தில், அதுவும் திருகோணமலைக்கு! அம்மா கடிதத்தை வாசித்து, அடுப்புக்குள் வைத்து எரித்துவிட்டுத்தான் எனக்கு விஷயத்தையே சொன்னார்.

‘நாள் முழுக்கப் போனும் கையுமாகத் திரிகிறாயாம், தங்கச்சி சொன்னாள், அப்படி என்னதான் செய்கிறாய்’ என்று கேட்டிருந்தாய். அந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவனே நீதான். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை. தரைவழியே மூதூருக்குப் போனால் துறைக்குத் துறை பாதைப் படகில் ஏறி இறங்க வேண்டும். அதனால் காலை லாஞ்ச்தான். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம், உவர் அளந்து பதிவதுதான் என் வேலை. முதல்நாள் அளந்ததை லாஞ்சில் இருந்தபடி பாமில் ஏற்றுவேன். தமிழ் அதற்குத் தெரியாது. ‘கிணறு 14, வடக்கு வளவு’ என்பதை ஆங்கில எழுத்தில்தான் எழுதவேண்டும், அதுவும் திரையின் கீழ்ப்பக்கத்தில், அதன் சின்னப் பேனையை எடுக்காமல் ஒரே இழுப்பில். ‘ஏ’ என்றால் நடுக்கோடு இல்லாத கூரை. ‘ரீ’ என்றால் மேலே ஒரு கோடு இழுத்துக் கடைசியில் கீழே மடக்க வேண்டும். கடல் ஆடும்போது ‘ஏ’ எழுதினால் வேறு ஏதாவது விழும். ஒன்று சொல்ல வேண்டும்: நடுக்கடல் வெயிலில் அந்தச் சாம்பல் திரை பளிச்சென்று தெரியும். இன்றைய போனைச் சட்டைக்குள் ஒளித்து வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த எழுத்து கையோடு ஒட்டிவிட்டது. இன்றைக்கும் வங்கியில் படிவம் நிரப்பினால் என் பெயரில் உள்ள ‘ஏ’க்கள் எல்லாம் கூரைகள்தான். ‘சேர், இது என்ன எழுத்து?’ என்று அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

இறங்குதுறைச் சோதனையை நீ கட்டாயம் அறிய வேண்டும். சமாதான ஒப்பந்தம் வந்த வருஷம், கெடுபிடி குறைவு. என்றாலும் பை திறந்து காட்டத்தான் வேண்டும். ஒரு இளம் சிப்பாய் அதைத் தூக்கிப் பிடித்து ‘மேக்க மொக்கத்த?’, இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டான். பெயரைச் சொல்ல எனக்கு வாய் வருமா? ‘கல்குலேட்டர்’ என்றேன். மூடியைத் திறந்தான். எழுத்துகள் மேலிருந்து விழ விழ அதேபோல் எழுதி அழிக்கிற விளையாட்டு ஒன்று நீ ஏற்றித் தந்திருந்தாய். அதைப் போட்டுக் காட்டினேன். ஐந்தாறு எழுத்திலேயே தோற்றுப்போனான். அதற்குப் பிறகு அவன் நிற்கிற நாளில் என் பையை யாரும் கிளறியதில்லை. ‘கல்குலேட்டர் மாத்தயா’ என்று கூப்பிட்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் விடுவான்.

இனி நான் உனக்கு இவ்வளவு காலமும் சொல்லாமல் விட்டது. பாமுக்கு இரண்டு ரிமோட் பற்றரி போடவேண்டும். மாற்றும்போது ஒரு நிமிஷம்தான் அவகாசம். அதற்குள் புதிது ஏறாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்ததுபோல. ஒருநாள் நடுக்குடாவில் பற்றரி எச்சரிக்கை வந்தது. பழையதைக் கழற்றினேன், புதிதில் ஒன்றைப் போட்டேன், மற்றது கையிலிருந்து நழுவிப் பலகை இடுக்குக்குள் உருண்டுவிட்டது. நான் குப்புறப் படுத்துத் துழாவ, பக்கத்து அம்மா ஒருவர் காதுத் தோடு விழுந்துவிட்டது என்று நினைத்துத் தானும் தேடினார். எடுத்துப் போட்டபோது திரை வந்தது, ஆனால் என்னை முன்பின் பார்த்திராததுபோல் இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டது. அறுபத்துமூன்று கிணறு, மச்சான். அதன் தாங்குதட்டில் இருத்தி ஒரு பொத்தானை அழுத்தினால் கந்தோர்க் கொம்பியூட்டருக்குப் பிரதி போய்விடும்தான். அந்தக் கொம்பியூட்டர் மூன்று கிழமையாக வைரஸ் பிடித்துக் கிடந்தது.

என்னோடு வேலைசெய்த மூதூர் நானா ஒன்றும் பேசவில்லை. தன் சீ.ஆர். கொப்பியை, அந்தத் தடித்த மட்டைக் கொப்பியை, எடுத்து என் மடியில் வைத்தார். நான் பாமில் கிறுக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் அதையே நீலப் பேனையால் எழுதிவந்திருக்கிறார். ‘உங்கட பெட்டியில எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி, அதான்’ என்றார். அன்றைக்குக் கடையில் நானும் ஒரு கொப்பி வாங்கினேன்.

சரி, இப்போதைய கதை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழித் துறைகள் எல்லாம் பாலமாகிவிட்டன. லாஞ்சை மறந்து பஸ்ஸில் போகிறேன். விடிய ஐந்து மணிக்குப் போன் எழுப்பும். வழக்கமாகப் போகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முதலில் ஏறுகிற ரீச்சர் ‘பஸ் வெளிக்கிட்டுது’ என்று போட்டால்தான் நான் சேட்டே போடுவேன். ஒரு கை மேல்கம்பியில், மற்றக் கையின் பெருவிரல் போனில். கிண்ணியா வருவதற்குள் கந்தோர்ச் செய்திகள் முடிந்துவிடும். பிறகு மகனின் பள்ளிக்கூடக் குழு, மரண அறிவித்தல், யாரோ அனுப்பிய மூலிகைக் குறிப்பு. கிணற்றடியில் படம் எடுத்தால் இடம், நேரம் எல்லாம் தானாகவே பதிந்துவிடுகிறது. இப்போது தமிழும் தெரியும் அதற்கு, வாயால் சொன்னாலே எழுதும். ஆனால் ‘பதினோராம் கிணறு உவர்’ என்று சொன்னால் ‘உயர்’ என்று எழுதுகிறது. மேலிடத்தில் ஒருவர் ‘எவ்வளவு உயர்?’ என்று கேட்டு மறுமொழி போட்டார்.

பழையதுதான் நல்லது என்று சொல்லப் போகிறேன் என நினைக்காதே. இதை விட்டுவிட்டு அதைத் தா என்றால் வாங்கமாட்டேன். பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் சட்டைப்பைக்கு அளவாக ஒரு மரக்கட்டையை வெட்டி, கூட்டங்களில் அதை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்து திரிந்தாராம். அதற்குப் பிறகுதான் 1996இல் நிஜமானது வந்தது. என் லாச்சியில் கிடப்பது திரும்பவும் கட்டையாகிவிட்டது. பற்றரி கசிந்து பச்சை பிடித்திருக்கிறது.

கொப்பிப் பழக்கம் மட்டும் விடவில்லை. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்ததே, மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று. கரண்ட் ஒழுங்காக இல்லாத காலம். மூன்று மணித்தியால வரிசைக்குப் பிறகு பம்புக்குக் கிட்டப் போனபோது போன் செத்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். நான் பையிலிருந்து சீ.ஆர். கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த பிரதியை நீட்டினேன். பம்ப் பையன் சிரித்துக்கொண்டே ஸ்கான் பண்ணினான். நானா பென்சன் எடுத்துவிட்டார். அன்று பின்னேரமே கோல் எடுத்துச் சொன்னேன். ‘பார்த்தீங்களா’ என்று மட்டும் சொன்னார்.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, தபாற்கந்தோர் பூட்டமுதல் இதைப் போட வேண்டும். அப்புறம் ஒரு விஷயம்: நீ வீடு மாறியபோது அனுப்பிய முகவரி போனில்தான் கிடக்கிறது, கொப்பியில் பழைய ஸ்காபரோ முகவரிதான். மறுகடிதத்தில் புதியதை வடிவாக, உறுப்பெழுத்தில் எழுது. தங்கச்சியின் நம்பரையும் சேர்த்து எழுது.

உன்
மச்சான்