பற்றுப் பக்கம் எழுதப்படாத படங்கள்

பேரழிவுப் படங்களையும் வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படங்களையும் எடுக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும், காரைக்குடியிலிருந்து வணக்கம்.

சென்ற மாதம் அத்தகைய படம் ஒன்றை என் பேத்தியுடன் பார்த்தேன். நகரங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. கடைசிப் பத்து நிமிடத்தில் நாயகன் தன்னந்தனியாகத் தாய்க்கலத்துக்குள் புகுந்து குண்டை வெடிக்கச் செய்ததும், உலகெங்கும் பறந்துகொண்டிருந்த எதிரிக் கலங்கள் அனைத்தும் ஒரே நொடியில் செயலிழந்து விழுந்தன. அரங்கம் கைதட்டியது. வண்டியில் ஏறும்போது பேத்தி கேட்டாள்: “ஐயா, செத்துப்போனவங்களையெல்லாம் யாரு எடுத்து அடக்கம் பண்ணுவாங்க?” எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஐந்தொகை போட்டுப் பற்றும் வரவும் நேராகும் வரை பேரேட்டை மூட மாட்டார்கள். உங்கள் படங்களிலோ வரவுப் பக்கத்தில் வெற்றியை எழுதிய கையோடு ஏட்டை மூடிவிடுகிறீர்கள்.

படையெடுப்பு என்பது இந்த ஊர் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்த ஒன்று. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின; 1942 மார்ச்சில் அந்நகரம் வீழ்ந்தது. லேவாதேவித் தொழிலுக்காகப் பர்மா சென்றிருந்த எங்கள் ஐயா (தாத்தா), கடையையும் கணக்கேடுகளையும் அப்படியே விட்டுவிட்டு, எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்த பெருங்கூட்டத்தில் ஒருவர். அவர் சொன்ன கதையில் நாயகன் என்று எவரும் இல்லை. வழியெல்லாம் வாந்திபேதி, முன்னே சென்றவர்கள் காய்ச்சிய தண்ணீரைத் தகர டப்பாவில் ஊற்றி, பின்னால் வருபவர்களுக்காக மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்களாம். அந்த முகம் தெரியாதவர்களால்தான் பிழைத்தேன் என்பார். எண்பது வயதிலும், படுக்கும் முன் தலைமாட்டுச் செம்பில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று இருட்டில் விரலை விட்டுப் பார்ப்பார். உங்கள் கதைகள் முடிந்த பிறகு, அதில் பிழைத்தவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

கடலின் அழிவும் இந்த ஊர் அறிந்ததுதான். காவிரிப்பூம்பட்டினமாகிய புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. நகரத்தாராகிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கிருந்து பெயர்ந்து வந்தவர்கள் என்பதும், அந்த நினைவால்தான் எங்கள் வீடுகள் தெருவிலிருந்து அத்தனை படி உயர்ந்து நிற்கின்றன என்பதும் இங்கே வழிவழியாகச் சொல்லப்படுபவை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்ற மீனவக் கிராமம், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை உடனே ஒலிபெருக்கியில் அறிவித்ததால் உயிர் தப்பியது. படகுகள் போயின, வீடுகள் போயின, மக்கள் பிழைத்தார்கள். ஒரு தொலைபேசியும் ஒரு ஒலிபெருக்கியும் செய்த இந்த வேலையில், உங்களுக்கு ஒரு முழுப் படத்துக்கான பதைபதைப்பு இல்லையா?

விண்கல் படங்களில் கடைசி நேரத்தில் துளையிட்டு அணுகுண்டு வைக்கிறீர்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி, அது தன்னைவிடப் பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் காலத்தை 32 நிமிடம் குறைத்தது. கலத்தில் ஆள் எவரும் இல்லை. மோதும் நொடியில் செய்யப்பட்ட தியாகமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பலர் சேர்ந்து போட்ட கணக்கு அங்கே பலித்தது. உண்மையான ஆபத்து வந்தாலும், எவ்வளவு முன்கூட்டியே கண்டு தள்ளிவிடுகிறோம் என்பதை வைத்தே பிழைப்போம்.

நாயகனை நீக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வெடிச்சத்தம் அடங்கிய பிறகு, அடுத்த படத்தில் இன்னும் பதினைந்து நிமிடம் கேமராவை ஓட விடுங்கள். பெயர்ப்பட்டியலின் முன் நிற்கும் வரிசையையும், கிணற்றில் சேறு இறைப்பவர்களையும், யாரோ ஒருவர் மரத்தடியில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீரையும் காட்டுங்கள். அப்படி ஒரு படம் வந்தால், பேத்தியை அழைத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடுவேன்.

அன்புடன்,
செட்டிநாட்டு ரசிகர் ஒருவர்