ராட்டினம் சுற்றவா பாரிஸ் போறீங்க? – ஒரு நன்றி மடல்

பாரிஸ் புறநகரான சார்செலில் இருக்கும் அக்காவுக்கும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த முத்தியால்பேட்டை சொல்தா பெரியப்பாவுக்கும், லாஸ்பேட்டை சின்னம்மாவுக்கும், பெயர் கேட்டுக்கொள்ளாமலே விட்டுவிட்ட பூங்கா ஊழியர்களுக்கும் வணக்கம்.

பயணத் திட்டத்தில் டிஸ்னிலாண்ட் பாரிஸ் கேளிக்கைப் பூங்கா பிள்ளைகளுக்காக ஒதுக்கிய ஒரு நாள், அவ்வளவுதான். பெரியவர்கள் மனசெல்லாம் ஐஃபெல் கோபுரத்திலும் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் இருந்தது. கடைசியில் அறுபதைத் தாண்டியவர்களே "இன்னொரு தரம் போவோமா" என்று கேட்டார்கள் என்றால் அது உங்களால்தான். யார் சொன்ன எது உதவியது என்று எழுதிவிடுகிறோம், அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கும் ஆகும்.

முதல் நன்றி அக்காவுக்கு. "பேர் பெரிய ராட்டினத்துக்கு ஓடாதீங்க, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற ராட்டினத்துக்கு ஓடுங்க" என்றீர்கள். அந்த ஒரு வரிதான் நாளைக் காப்பாற்றியது. பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்டில் கூரையில் தொங்கும் குட்டிக் கப்பல் ஒவ்வொன்றிலும் சில பேர்தான் உட்காரலாம், அதனால் வரிசை நகரவே நகராது. பக்கத்துப் பூங்காவின் க்ரஷ்ஸ் கோஸ்டரும் அதே ரகம். இவற்றைக் கதவு திறந்த கையோடு முடித்துவிட வேண்டும். பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனில் பெரிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் சீக்கிரம் கரையும், அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். டிஸ்னி பாத்திரங்களின் ஊர்வலம் போகும் நேரத்தில் மற்ற வரிசைகள் இளைக்கும் என்பதும் அக்கா சொன்னதுதான். ஆனால் ஊர்வலத்தை விட்டுவிட்டு ராட்டினம் ஏற வயதானவர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. வீராம்பட்டினம் தேர் பார்த்து வளர்ந்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்துகொண்டு வரச் சொன்னதற்கும் நன்றி. பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 செ.மீ., க்ரஷ்ஸ் கோஸ்டருக்கு 107, ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120, இண்டியானா ஜோன்ஸ் ராட்டினத்துக்கு 140. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அழுகைதான். சின்னப் பிள்ளை ஏற முடியாத இடத்தில் வாசல் ஊழியரிடம் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேட்க வேண்டும். ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்க, மற்றவர் வரிசையில் நின்று ஏறி இறங்குவார். பிறகு இவர் முழு வரிசையும் நிற்காமலே ஏறலாம்.

பிக் தண்டர் ரயிலை ஓட்டிய ஊழியர்களுக்குத் தனி வணக்கம். ஏரி நடுவே உள்ள தீவுக்குத் தண்ணீருக்கு அடியிலான சுரங்கம் வழியே போகும் ரயில் அது. நடுவில் நின்றுவிட்டால் எல்லாருக்கும் திக்கென்றிருக்கும். உண்மையில் அது கோளாறைத் தடுக்கும் ஏற்பாடு. தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னே நிலையத்தில் யாரோ பையை எடுக்கத் தாமதித்தால் பின்னால் வருவது தானாக பிரேக் பிடித்து நின்றுவிடும். கடைசி வரிசையில் வேகம் கூடுதலாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. மேட்டைத் தாண்டிய முன்பெட்டிகள் கீழே இறங்கும்போது பின்பெட்டியை இழுத்துக்கொண்டே போகும். வயிறு பிரட்டும் என்று பயப்படுகிறவர்கள் நடு வரிசையில் உட்காரலாம். திரையில் படம் ஓடும் ராட்டினங்களில் தலை சுற்றினால் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

ஃபேண்டம் மேனர் என்ற பேய் மாளிகையில் வண்டிகள் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், நாமும் நகரும் பட்டையில் நடந்துதான் ஏற வேண்டும். முட்டிவலிக்காரர் இருவருக்காக, கேட்டதும் வேகத்தைக் குறைத்த அந்தப் பெண்ணுக்கு நன்றி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சைகையில் சொன்னதும் அவரே.

பெரியப்பா, "எதைக் கேட்டாலும் முதலில் போன்ழூர், அதான் வணக்கம், சொல்லு" என்று வாரக் கணக்கில் பாடம் எடுத்தீர்கள். அது இல்லாமல் நேரே கேள்வியை நீட்டினால் முகம் சுருங்குவதைப் பக்கத்து வரிசைகளில் பார்த்தோம். ரயில் விஷயமும் உங்களுடையது. பூங்காவுக்குப் போகும் ஆர்.ஈ.ஆர். 'ஏ' என்ற புறநகர் ரயில் பாதை வேன்சென் நிலையத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரியும். பலகையில் பூங்கா நிலையமான 'மார்ன்-லா-வல்லே ஷெஸ்ஸி' என்று விளக்கு எரிகிறதா என்று பார்த்துத்தான் ஏற வேண்டும். புவாஸ்ஸி-சேன்-லெழே வண்டியில் ஏறிவிட்டால் வேன்சென்னிலேயே இறங்கி மாறிக்கொள்ளலாம். பாரிஸ் நடுவே உள்ள ஷாத்லே நிலையத்திலிருந்து சுமார் 40 நிமிடம். 2025 ஜனவரியில் ஒரே கட்டணமுறை வந்தபோது இந்தப் பயணத்துக்கு 2.50 யூரோ ஆனது. அதற்குமுன் ஒரு வழிக்கே 5 யூரோ தாண்டும். ஆளுக்கொரு நவிகோ ஈஸி அட்டை (பயணச்சீட்டை ஏற்றிக்கொள்ளும் அட்டை) வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது.

சின்னம்மா, பெட்டியைத் திறந்து பால்கோவாவையும் நெய்யையும் பச்சைக் கறிவேப்பிலையையும் வெளியே எடுத்து வைத்தபோது உங்களைத் திட்டினோம், மன்னிக்கவும். பாலில் செய்ததையும் இறைச்சியையும் வெளிநாட்டிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை, பச்சை இலைக்குச் சான்றிதழ் கேட்கும். நல்லெண்ணெயில் செய்த புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் ஒரு தடங்கலுமின்றி வந்து சேர்ந்தன. அங்கே 'வெஜித்தாரியன்' என்றால் முட்டை, சீஸ் இருக்கும். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் சேர்ந்திருக்கும். சைவப் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கட்டிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

நவிகோ அட்டைகள் ஆறு மிச்சம் இருக்கின்றன, பெயர் எழுதாத அட்டைகள், 10 வருடம் செல்லும். மழைக்கோட்டு நான்கும் உண்டு. அடுத்துப் போகிறவர்கள் பெரியப்பா வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து போய்வந்த குடும்பத்தார்